புதிதாகக் கட்டிய நகரங்களும் அவற்றைப் பற்றிய கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டமிட்டுக் கட்டிய நகரங்களில் மனிதர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றிய புகைப்படங்களையும் படங்களையும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் காட்டி வருகிறேன்; அப்போது ‘இடமின்மை’ என்ற சொல்லை அடிக்கடி சொல்வேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் உள்ளவை எளியவை. போகப் போகச் சிக்கலானவை.

இடமின்மை, இடமின்மை என்கிறீர்களே, அது என்ன? ஊர் கண்முன்னால் இருக்கும்போது இடம் எப்படி இல்லாமல் போகும்?

கண்ணைக் கட்டி ஒருவரை ஒரு விமான நிலையத்திலோ பெரிய வணிக வளாகத்திலோ கொண்டுபோய் விட்டுக் கட்டை அவிழ்த்தால், எந்த ஊர் என்று அவரால் சொல்ல முடியாது. அதே மனிதரை மதுரை கீழமாசி வீதியில் விட்டால் மூக்கே சொல்லிவிடும். முதலில் சொன்ன நிலைதான் இடமின்மை. டொராண்டோவில் பணியாற்றிய புவியியலாளர் எட்வர்ட் ரெல்ஃப் 1976இல் இதை விரிவாக எழுதினார். எல்லா ஊர்களையும் ஒன்றுபோலாக்கும் கட்டுமானம் மனிதருக்கும் மண்ணுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கிறது என்பது அவர் வாதம். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்க் ஓஜே 1992இல் நெடுஞ்சாலை, விமான நிலையம், பேரங்காடி ஆகியவற்றை இதே கோணத்தில் ஆராய்ந்தார். அங்கெல்லாம் நாம் பயணியாகவோ வாடிக்கையாளராகவோ மட்டுமே இருக்கிறோம். யாருக்கும் யாரோடும் உறவில்லை.

இருவரிடமும் நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இடமின்மை கான்கிரீட்டில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அங்கே வாழப்போகிறவர்களை ஒரு வார்த்தையும் கேட்காமல் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்தான் அது தொடங்குகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

புதிய நகரம் என்றால் எதைச் சேர்ப்பீர்கள்? வளர்ந்துகொண்டே போகும் எந்த ஊரும் புதிய நகரம்தானே?

தானாக வளர்ந்த ஊரைச் சேர்க்கவில்லை. வெற்று நிலத்திலோ வயலிலோ காட்டிலோ, ஓர் அரசு அல்லது நிறுவனம் வரைபடம் போட்டு, சில ஆண்டுகளில் எழுப்பிய நகரங்களையே சொல்கிறேன். பிரேசிலின் தலைநகர் பிரேசிலியா, நம் நாட்டின் சண்டிகர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் கட்டிய புதிய நகரங்கள், கடந்த நாற்பது ஆண்டுகளில் சீனாவில் எழுந்த தொழில் நகரங்கள் ஆகியவை அதிகம் பேசப்படுபவை. அமெரிக்காவில் வரிசை வரிசையாகக் கட்டி விற்கப்பட்ட புறநகர்க் குடியிருப்புகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

படத்தில் கட்டடமும் காலி ரோடும்தான் இருக்கின்றன. இதில் என்ன கலை?

1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் மாளிகையில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சிக்கும் வந்தவர்களில் பலர் இதையேதான் கேட்டார்கள். ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஸ்டீபன் ஷோர், ஜெர்மனியின் பெஹர் தம்பதியர் என்று பத்துப் பேரின் படங்கள் அங்கே இருந்தன. மலை, அருவி, அந்திவானம் எதுவும் கிடையாது. வண்டி நிறுத்துமிடம், கிடங்கின் பின்சுவர், பாதி கட்டிய வீடு, தார் ரோடு இவைதான். இன்று அந்தக் கண்காட்சியைக் குறிப்பிடாமல் நகரப் புகைப்படக்கலை வரலாற்றை யாரும் எழுதுவதில்லை.

ராபர்ட் ஆடம்ஸ் 1968இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எடுத்த ஒரு படத்தை நிதானமாகப் பாருங்கள். சாதாரணமான ஒரு புறநகர் வீடு. முன்னால் ஒழுங்காக வெட்டிய புல்.  ஜன்னலில் ஒரு பெண்ணின் நிழலுருவம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. முகம் இல்லை, வயது தெரியவில்லை, என்ன செய்கிறாள் என்றும் தெரியவில்லை. ‘காலி வீடு’ என்று கடந்துபோக இருந்த கண் அங்கே நின்றுவிடுகிறது. ஆள் இருக்கிறாள், நாம்தான் தேடாமல் இருந்தோம். இந்த வகைக் கலை பார்ப்பவரிடம் எதிர்பார்ப்பது இந்தப் பொறுமையைத்தான்.

பில் ஓவன்ஸ் வேறு வழியில் போனார். கலிபோர்னியாவின் லிவர்மோரில் செய்தித்தாள் புகைப்படக்காரராக இருந்த அவர், அக்கம்பக்கத்துப் புது வீடுகளுக்குள் போய் அங்கிருந்தவர்களைப் படம் எடுத்தார். படத்தின் கீழே அவர்கள் சொன்னதையே போட்டார். 1973இல் அது புத்தகமாக வந்தது. பாதிப் பேர் தங்கள் வீட்டைப் பற்றிப் பெருமையாகவே பேசுகிறார்கள். அந்தப் பெருமையை அவர் மறைக்கவில்லை என்பதால்தான் அந்தப் புத்தகத்தின் மீது எனக்கு நம்பிக்கை.

பிரேசிலியா எவ்வளவு அழகான நகரம்! அதில் என்ன குறை கண்டீர்கள்?

அழகில் குறையே இல்லை. லூசியோ கோஸ்தா நகரத்தின் வரைபடத்தைப் போட்டார்; ஆஸ்கர் நீமையர் முக்கியக் கட்டடங்களை வடிவமைத்தார். 1960 ஏப்ரல் 21 அன்று தலைநகராகத் திறந்துவைத்தார்கள். குடியிருப்புப் பகுதிகளில் தூண்கள் மேல் நிற்கும் ஆறு மாடி வீடுகள், சுற்றிலும் மரங்கள், பள்ளி, கடைகள். தூண்களுக்கு நடுவே யாரும் தடையின்றி நடந்து போகலாம். நல்லெண்ணத்தோடு யோசித்த திட்டம் அது.

ஆனால் குடிவந்தவர்கள் சொன்ன முதல் புகார், இந்த ஊரில் தெருமுனையே இல்லை என்பது. நாலு பேர் தற்செயலாக நின்று பேசும் முனையை வரைபடம் அழித்துவிட்டது. அடுத்தது, ஊரைக் கட்டியவர்களுக்கு ஊருக்குள் இடமே ஒதுக்கவில்லை. பிரான்சில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் மார்செல் கொத்தெரோ, நீமையரின் வெண்மையான கட்டடங்கள் எழும்பியதை அற்புதமாகப் படம் பிடித்தவர். அவரே பக்கத்தில் காலி சிமெண்ட் சாக்குகளைக் கொண்டு தொழிலாளர்கள் கட்டிக்கொண்ட குடிசைகளையும் எடுத்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த நகரத்தைப் பற்றித் தனியாக விளக்கவுரை தேவைப்படாது.

அந்தத் தொழிலாளர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி யாராவது படம் எடுத்தார்களா?

1971இல் அரசு ஓர் இயக்கமே நடத்திக் குடிசைகளை அகற்றி, பல்லாயிரம் பேரை மையத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றியது. ‘ஆக்கிரமிப்பு ஒழிப்பு இயக்கம்’ என்பது அதன் பெயர். அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே புது ஊருக்கு செயிலாண்டியா என்று பெயர் வைத்தார்கள். விரட்டப்பட்டவர்கள் தங்கள் முகவரியை எழுதும்போதெல்லாம் தங்களை விரட்டிய இயக்கத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்.

அந்த ஊரில் வளர்ந்து, கால்பந்து ஆட்டக்காரராக இருந்து, பிறகு இயக்குநரானவர் அதிர்லி கெய்ரோஸ். 2011இல் அவர் எடுத்த படத்தின் மையத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. ‘நகரம் ஒன்றுதான்’ என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டாகப் பாடவைத்து அரசு அந்த இயக்கத்துக்கு விளம்பரம் தேடியது. பாடிய பிள்ளைகளில் ஒருத்தி வளர்ந்த பெண்ணாகப் படத்தில் வந்து அந்த நாட்களை நினைவுகூர்கிறாள். எதற்காகப் பாடினோம் என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அப்படியானால் மேலிருந்து கொடுக்கும் கலை எல்லாமே மோசம், கீழிருந்து வருவது எல்லாமே நல்லது. அவ்வளவுதானே?

அப்படிப் பிரித்தால் வேலை சுலபம்தான். உண்மை அதற்குள் அடங்காது. அதோஸ் புல்காவ் என்ற கலைஞர் பிரேசிலியாவின் அரசுக் கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பீங்கான் ஓடு பதித்த சுவர்களை வடிவமைத்தவர். முழுக்க முழுக்க மேலிருந்து வந்த வேலை. ஆனால் பல சுவர்களில் அவர் செய்தது இதுதான்: நீலமும் வெள்ளையுமாக இரண்டு மூன்று வடிவங்களை மட்டும் வரைந்து ஓடுகளைச் செய்யச் சொன்னார். எந்த ஓடு எங்கே, எந்தப் பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பதிக்கும் கொத்தனார்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஒழுங்கான கோலமாக மட்டும் வைத்துவிட வேண்டாம் என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டது. வரைபடத்தில் ஒரு கோடு போடக்கூட உரிமை இல்லாத கைகள் அந்த நகரத்தின் சுவர்களைத் தீர்மானித்திருக்கின்றன. ஒரு வளைவு கீழே போய் அறுந்து, பக்கத்து ஓட்டில் வேறு திசையில் தொடங்கும். அந்த அறுந்த இடத்தில்தான் ஒரு கொத்தனாரின் முடிவு இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு புதிய நகரத்தில் கலைஞர் கட்டிய மண்டபத்தை ஊர்க்காரர்களே இடிக்கச் சொன்னார்களாமே?

பீட்டர்லீ. டர்ஹம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1948இல் அறிவித்த நகரம். சுரங்கத் தொழிலாளர் தலைவர் பீட்டர் லீயின் பெயர்தான் ஊர்ப்பெயர். அருவ ஓவியர் விக்டர் பாஸ்மோரை 1950களின் நடுவில் வடிவமைப்புக்கு அமர்த்தினார்கள். வீடுகளை எப்படி அடுக்குவது, பாதைகளை எங்கே வளைப்பது என்பதை ஓர் ஓவியர் யோசித்தார். அது அபூர்வமான வாய்ப்பு. 1969இல் ஒரு செயற்கைக் குட்டையின் மேல் கான்கிரீட்டில் ஒரு மண்டபம் எழுப்பி, சந்திரனுக்குப் போன அப்பல்லோ திட்டத்தின் பெயரை அதற்கு வைத்தார். நடந்து கடக்கலாம், நிற்கலாம். வேறு எந்தப் பயனும் அதற்கு இல்லை.

அதே பகுதி வீடுகளின் தட்டைக் கூரைகள் அந்த மழை நாட்டில் ஒழுகின. கூரையைப் பழுதுபார்க்காத நிர்வாகம் கட்டிவைத்த மண்டபத்தை மக்கள் எப்படி விரும்புவார்கள்? இளைஞர்கள் அங்கே கூடினார்கள், சுவரெங்கும் கிறுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இடித்துவிடச் சொன்னார்கள். மேலே ஏறும் படிகளை ஒரு கட்டத்தில் எடுத்தே விட்டார்கள். பிறகு 2009இல் மண்டபத்தைச் சீரமைத்து, 2011இல் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தார்கள்.

நான் இரு தரப்பின் பக்கமும் நிற்கிறேன். மண்டபம் மிக நல்ல சிற்பம், காப்பாற்றியது சரி. அதை வெறுத்தவர்களைக் கலையறியாதவர்கள் என்று எழுதும் விமர்சகர்கள் ஒழுகும் கூரையின் கீழே ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

பொருளாக எதையும் செய்யாமல் ஒரு கலைஞர் ஊருக்குள் போய் என்னதான் செய்வார்?

இதே பீட்டர்லீக்கு 1976இல் ஸ்டூவர்ட் பிரிஸ்லி என்ற கலைஞர் வந்தார். சிலை வைக்கவில்லை, சுவரில் எதையும் வரையவில்லை. உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, சுற்றுவட்டாரச் சுரங்க ஊர்களிலிருந்து குடிவந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார். பழைய புகைப்படங்களைத் திரட்டினார். அந்த நகரத்துக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. ஊருக்கு வரலாறு இல்லையே என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கையில், குடிவந்த ஒவ்வொருவரும் ஒரு வரலாற்றோடுதான் வந்தார்கள் என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

இது சமூக சேவைதானே, கலை எப்படி என்று அடுத்த கேள்வி வரும். யாரை உட்காரவைத்துக் கேட்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, யார் கண்ணில் படும்படி வைப்பது ஆகிய முடிவுகள் ஒரு கலைஞரின் முடிவுகளே. எனக்கு இவ்வளவு போதும்.

சண்டிகர் ராக் கார்டன் குப்பையில் செய்த பொம்மைகள்தானே? அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின் இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டது. கட்டடக் கலைஞர்களான லெ கொர்பூசியேவும் பியர் ஜானரே, மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் சேர்ந்து 1950களில் சண்டிகரை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 800க்கு 1200 மீட்டர் கொண்ட எண்ணிட்ட செக்டர்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே கிராமங்கள் இருந்தன. அவற்றை இடித்த சிதிலங்கள்தான் அந்தக் குப்பை.

ராக் கார்டனை உருவாக்கிய நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். அவரே பிரிவினையில் தன் கிராமத்தை எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர். 1957 வாக்கில், கட்டடம் கட்டக் கூடாது என்று ஒதுக்கியிருந்த ஒரு காட்டுப் பள்ளத்தில், வேலை முடிந்த நேரங்களில் யாருக்கும் தெரியாமல் சைக்கிளில் கல்லையும் உடைந்த பீங்கானையும் கொண்டுவந்து சேர்த்தார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். பெண் உருவங்களின் ஆடையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் உடைந்த கண்ணாடி வளையல்கள். சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளை வரிசையாக சிமெண்டில் பதித்திருக்கிறார். யார் கையிலோ கிடந்தவை அவை. சுவர்களில் மின்சார ப்ளக்குகளும் கழிவறைப் பீங்கானும்கூட உண்டு.

1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது சட்டவிரோதக் கட்டுமானம். இடித்திருக்கலாம். மக்கள் கூட்டமாக வந்து பார்க்கத் தொடங்கியதால் 1976இல் அதைப் பூங்காவாகத் திறந்து, அவருக்குச் சம்பளமும் உதவிக்குத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். பின்னாளில் ஒரு சாலைக்காக புல்டோசர் வந்தபோது ஊர் மக்களே மறித்து நின்றார்கள். கொர்பூசியே எழுப்பிய நகரத்தில், நகரவாசிகள் தங்கள் உடலைக் குறுக்கே நிறுத்திக் காத்தது ஒரு சாலை ஆய்வாளரின் தோட்டத்தை.

அந்த ஊர் நாற்காலிகள் வெளிநாட்டில் பெரிய விலைக்கு ஏலம் போவது உண்மையா?

உண்மை. ஜானரே சண்டிகரின் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் உடைந்ததும் கழித்துக் கட்டப்பட்டன. வியாபாரிகள் மலிவாக வாங்கி, புதுப்பித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை இந்தப் பொருள்களை விற்பதைத் தடுத்து உத்தரவிட்டது.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகலின் 2013ஆம் ஆண்டுப் படம் இந்தப் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது. பேச்சே கிடையாது. பணக்காரர்களின் வீடுகளும் உல்லாசப் படகும் முதலில், பிறகு ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல், கடைசியில் சண்டிகர் அலுவலகம். அங்கே அதே நாற்காலிகளில் குமாஸ்தாக்கள் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். சீகல் அந்தப் படத்தையே லண்டனில் ஏலத்துக்கு விட்டு, ஏலத்தையும் படமாக்கினார். இடம் தன் மக்களிடமிருந்து மட்டுமல்ல, தன் பொருள்களிடமிருந்தும் பிரிக்கப்படலாம் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன வேறு படம் எனக்குத் தெரியாது.

சீனாவின் ‘பேய் நகரங்கள்’ பற்றிய படங்களைப் பார்த்திருக்கிறேன். அவைதானே இந்த வகைக்குச் சிறந்த உதாரணம்?

அவற்றில் பலவற்றை நான் காட்டுவதில்லை. குடிவரத் தொடங்கும் முன்பே எந்தப் புது நகரத்தையும் காலியாகப் படம் எடுக்கலாம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். ஆளில்லாத வீதியின் அழகில் மயங்கி, ஆள் எங்கே என்று தேடாமல் விடுவது எனக்குச் சோம்பலாகவே படுகிறது. ராபர்ட் ஆடம்ஸின் ஜன்னலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீனக் கலைஞர் சாவ் ஃபெய் 2006இல் ஃபோஷான் நகரின் ஆஸ்ராம் விளக்குத் தொழிற்சாலையில் எடுத்த காணொளியைப் பார்க்கச் சொல்வேன். முதலில் இயந்திரங்களும் கைகளும். பிறகு தொழிலாளர்கள் தாங்கள் ஆசைப்பட்டதை அந்தக் கூடத்திலேயே செய்கிறார்கள்: ஒரு பெண் பாலே உடையில் அலமாரிகளுக்கு நடுவே ஆடுகிறாள், இன்னொருவர் கிடார் வாசிக்கிறார். கடைசியில் ஒவ்வொருவராகக் கேமராவை நேராகப் பார்த்து அசையாமல் நிற்கிறார்கள். ஊரைவிட்டு வந்து உழைப்பவர்களுக்கு அந்த நகரம் என்னவாக இருக்கிறது என்பதை அவர்கள் முகத்திலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

புது வீடு கிடைத்தவர்களுக்கு அது வரம். குறை சொல்வதெல்லாம் பழைய ஊரில் வசதியாக இருப்பவர்கள்தானே?

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிக நியாயமான கேள்வி இது. கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்த சுரங்கக் குடியிருப்பிலிருந்து பீட்டர்லீக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை கிடைத்தது சாதாரண விஷயமில்லை. பழைய ஊர் எல்லோருக்கும் இனித்ததில்லை என்பதை நம்மைப் போலச் சாதித் தெருக்களைப் பார்த்தவர்கள் மறக்கவே கூடாது. எண்ணிட்ட செக்டரில் யாரும் யாருடைய தெரு என்று கேட்காத நிம்மதி சிலருக்கு உண்டு.

ஆகவே, பழையதை நினைத்து உருகுவதோடு நின்றுவிடும் படைப்புகளை நான் நம்புவதில்லை. லூசியோ கோஸ்தா 1980களில் பிரேசிலியாவின் மையப் பேருந்து நிலையத்துக்குப் போனார். நாகரிகமான நகரமையமாக அவர் கற்பனை செய்த இடம் அது. புறநகர்களிலிருந்து வந்துபோகும் உழைப்பாளிகளும் சிறு வியாபாரிகளும் அதை நிறைத்திருந்தார்கள். தன் கற்பனையைவிட அவர்கள் செய்ததே சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். திட்டமிட்டவர் வாயால் அது வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

கண்ணகி நகரில் சுவரெல்லாம் வண்ணம் தீட்டினார்களே, அது போல எல்லா இடத்திலும் செய்யலாமே?

சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் நகரின் மையப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000 முதல் பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். செயிலாண்டியாவின் கதையைப் படித்தவருக்கு அதிகம் விளக்க வேண்டாம். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த நகரவாசிகள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாற்றத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தேவைதான்.

ஆனால் சுவரோவியம் பேருந்துக்கும் குடிநீருக்கும் வேலைக்கும் மாற்று ஆகாது. பீட்டர்லீயின் ஒழுகும் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில் யார் முகத்தை வரைவது என்று அங்கே வசிப்பவர்கள் முடிவு செய்ய முடிகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

நான் குடியிருப்பதும் ஒரு புது நகர்ப்பகுதிதான். நானும் படம் எடுக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

மொட்டை மாடியில் இருந்து தொடங்க வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் வரைபடம் மட்டும்தான் தெரியும். திட்டம் போட்டவர் நினைக்காததை மக்கள் எங்கே செய்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். புல்தரையின் குறுக்கே நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, மின்பெட்டிக்கு முன்னால் போட்ட கோலம், படிக்கட்டின் கீழே முளைத்த இஸ்திரி வண்டி, பார்க்கிங்கில் கட்டிய துணிக்கொடி. பிரேசிலியாவின் பெரிய புல்வெளிகளிலும் இப்படி மிதித்து உண்டான பாதைகள் நிறைய உண்டு. ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரங்களில் பல முறை போங்கள்.

ஆட்களை எடுப்பதானால் முதலில் கேளுங்கள். எடுத்ததை வெளியில் காட்டுவதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். பில் ஓவன்ஸ் செய்ததுபோலப் படத்தின் கீழே அவர்கள் சொன்னதைப் போட முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் கருத்துக்கு அது பொருந்தவில்லை என்றால் கருத்தை விடுங்கள், அவர்கள் வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள்.